வீட்டில் ஒருத்தியான பிறகு விடைபெறுதல்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுக்கு வந்த என் கல்வியாண்டு முடியப்போகிறது. திரும்பும் விமானத்தின் தேதியை உறுதி செய்து திட்ட அலுவலகம் மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. பள்ளி அறிவிப்புப் பலகையில் இறுதித் தேர்வுகளின் அட்டவணை ஒட்டப்பட்டுவிட்டது. வந்த புதிதில் இந்த நாள் எப்போது வரும் என்று ஏங்கியதும், இப்போது அதே நாளைத் தள்ளிப்போட ஏதேனும் வழியுண்டா என்று மனம் தேடுவதும் பரிமாற்ற மாணவர் எல்லோருக்கும் பொதுவானவைதான். ஆனால் இந்தக் கடைசி மாதத்தில் என்னை அதிகம் வருத்துவது பிரிவு மட்டுமன்று. என்னைத் தங்கள் பிள்ளைபோல் தங்கவைத்திருக்கும் குடும்பத்தின் இந்த வீட்டில் நான் விருந்தாளியாக இருந்த காலம் முடிந்து, வீட்டாரில் ஒருத்தியாக ஆனது அண்மையில்தான். அந்த நிலை கைகூடி அதில் நிதானமாக இருந்து பார்ப்பதற்குள் புறப்பட வேண்டியிருக்கிறது என்பதே என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியாததாக இருக்கிறது.

விருந்தாளியாக இருப்பது எவ்வளவு களைப்பூட்டும் என்பதை வெளியே போய் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். முதல் மாதங்களில் நான் சாப்பாட்டு மேசைக்கு வந்து அமர்ந்ததும் பேச்சின் வேகம் குறையும். ஒவ்வொருவரும் சொற்களைத் தனித்தனியாக உச்சரிப்பார்கள். ஒருவர் சொன்ன வேடிக்கையை இன்னொருவர் எனக்காக மறுபடி விளக்குவார், அதற்குள் சிரிப்பு அடங்கிப்போயிருக்கும். அது அவர்களுடைய கனிவு. ஆனாலும் அந்தக் கனிவின் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது, நான் இல்லாதிருந்தால் இவர்கள் இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார்களே என்ற கூச்சம் நெஞ்சை அழுத்தும். பாத்திரம் கழுவ எழுந்தால் "இருக்கட்டும், நீ போய்ப் படி" என்பார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு நான் அனுமதி கேட்பேன், கேட்க வேண்டியதில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்கள், மறுநாளும் கேட்பேன்.

இந்த நிலை எந்த நாளில் மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாறியிருந்ததை உணர்ந்த தருணம் மட்டும் நினைவில் இருக்கிறது. வீட்டின் கடைக்குட்டியான ஒன்பது வயதுப் பையன் ஒரு காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, நான் தினமும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதால் தனக்குப் பள்ளிக்குத் தாமதமாகிறது என்று உரத்த குரலில் சண்டைக்கு வந்தான். நானும் அவனுடைய மொழியிலேயே, சொற்களைத் தேடாமல், பதிலுக்குச் சத்தம் போட்டேன். சமையலறையிலிருந்து வீட்டு அம்மா எங்கள் இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி அதட்டினார். அதுவரை அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. பையிலே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் உள்ளூரப் பூரித்துக்கொண்டே போனேன்.

அதன்பின் கவனித்தால், மாற்றம் எங்கும் தெரிந்தது. துவைத்த துணிகளைப் பிரித்து அடுக்கும்போது எந்தக் காலுறை யாருடையது என்று கேட்காமலே எனக்குத் தெரிகிறது. சமையலறையின் இரண்டாவது இழுப்பறையைச் சற்றே மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும் என்பது கைக்குத் தெரிகிறது. வீட்டு அப்பா வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றும் விதத்திலேயே அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று ஊகிக்க முடிகிறது. மேசையில் எனக்காக எவரும் பேச்சை மெதுவாக்குவதில்லை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மூன்றாவதாக நானும் குறுக்கிடுகிறேன். இவை எதையும் எந்த அறிமுக வகுப்பிலும் கற்பிக்க முடியாது. கூடவே வாழ்ந்த நாட்கள் தந்தவை இவை.

இதனால்தான், கடைசி மாதத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்று மற்றவர்கள் தரும் ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. முன்பு இத்திட்டத்தில் வந்து போனவர்கள் பலரும், மிச்சமிருக்கும் வாரயிறுதிகளில் பார்க்காத நகரங்களை எல்லாம் பார்த்துவிடு, இனி வாய்ப்புக் கிடைக்காது என்கிறார்கள். என்னுடன் வந்த சிலர் நீண்ட பட்டியல் வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு தோறும் ரயிலேறிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருடைய ஆண்டும் வேறு. ஆனால் அரண்மனைகளும் அருங்காட்சியகங்களும் பின்னொரு காலத்தில் சுற்றுலா விசாவில் வந்தாலும் எனக்குக் கதவைத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரவேற்பறைத் தரையில் படுத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு புத்தகம் படிக்கும் வாய்ப்பு அப்படித் திரும்பக் கிடைக்காது. பிற்காலத்தில் இந்த வீட்டுக்கு நான் வருவேன். அப்போது எனக்காகப் புதிய படுக்கை விரிப்பு போட்டு, மேசையில் பூ வைத்து, மறுபடியும் விருந்தாளியாக்கிவிடுவார்கள். ஆகவே மிச்சமிருக்கும் வாரயிறுதிகளை இந்த வீட்டின் அன்றாடத்துக்கே கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

பள்ளி நூலகத்தில், வெளிநாடு போய்த் தங்குகிறவர்களின் மனநிலையைப் பற்றித் தேடிப் படித்தபோது, நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட் 1955-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தேன். அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வேயர்களை நேர்கண்டு எழுதப்பட்டது அது. ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் அந்தச் சமூகத்தோடு ஓரளவு நன்றாகவே பொருந்தியிருந்தார்கள் என்றும், இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அதிகம் தடுமாறினார்கள் என்றும் அவர் கண்டார். முதலில் உற்சாகம், பிறகு சரிவு, அதன்பின் மீட்சி என்று பரிமாற்ற மாணவர்களுக்கான கையேடுகளில் இன்றும் வரையப்படும் 'யு' வடிவக் கோடு இந்த ஆய்விலிருந்து பிறந்ததே. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஓராண்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பள்ளத்தில் இருக்கும்போதே ஊர் திரும்புகிறார்கள் என்றாகிறது. படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது.

ஆனால் லிஸ்கார்ட் ஒரே மனிதரை மாதக்கணக்கில் பின்தொடரவில்லை; வெவ்வேறு கால அளவு தங்கியவர்களை ஊர் திரும்பிய பின் சந்தித்து ஒப்பிட்டார். பிற்பாடு உளவியலாளர் காலீன் வார்டும் அவருடைய சகாக்களும், ஜப்பானிலிருந்து நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற மாணவர்களிடம் வந்திறங்கிய உடனும், பிறகு நான்காம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் கேட்டறிந்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. மனச்சோர்வும் திணறலும் மிக அதிகமாக இருந்தது வந்த வேளையில்தான். தொடக்கத்தில் உற்சாக மேடு என்று எதுவும் அதில் தென்படவில்லை. என் அனுபவம் இதற்கே நெருக்கமாக இருக்கிறது. முதல் வாரத்தில் நான் உற்சாகமாக இருப்பதாகப் படங்களில் தெரிகிறது. உண்மையில் இரவுதோறும் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். புதிதாக வருகிறவர்களிடம், முதல் மாதம் இன்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் நன்மையன்று. முதல் மாதமே அழுகிறவர் தன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

புறப்படுவதற்கான காரியங்களும் ஒருபுறம் நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை காகிதங்கள். வருகைச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு பாடத்திலும் எவை கற்பிக்கப்பட்டன என்ற குறிப்பு, இவை மூன்றும் பள்ளி முத்திரையோடும் கையொப்பத்தோடும் கையில் இருந்தால்தான், திரும்பிப் போனபின் என் பள்ளி இந்த ஆண்டைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பள்ளி அலுவலகத்தில் ஆளிருக்காது என்பதால், தேர்வுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு வசதி உண்டு: ஒரு முழுக் கல்வியாண்டின் படிப்பை 60 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு) என்று வகுத்து, ஒரு நாட்டில் பெற்றதை இன்னொரு நாட்டில் ஏற்றுக்கொள்ளும் முறை அங்கே நடைமுறையில் இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு உலகெங்கும் பொருந்தும் அப்படியொரு அளவுகோல் இல்லை.

அந்த வசதிக்குப் பின்னாலும் ஊர் திரும்பிய ஒரு மாணவியின் கதை இருக்கிறது. இத்தாலியைச் சேர்ந்த சோஃபியா கொராடி, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலை முடித்து 1958-ல் ரோம் திரும்பியபோது, அங்கே படித்த படிப்பை அவருடைய பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அந்த அவமதிப்பை அவர் தன்னோடு முடித்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் படித்த காலத்தைச் சொந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். 1987-ல் ஐரோப்பிய நாடுகளிடையே பல்கலைக்கழக மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளும் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியபோது 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் முதலாண்டில் சென்றார்கள். கொராடியை இத்திட்டத்தின் தாய் என்றே அழைக்கிறார்கள். முத்திரைக்காக அலுவலக வாசலில் காத்து நிற்கும்போது எனக்கு அவர் நினைவு வருகிறது.

பெட்டி கட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 23 கிலோவுக்குள் ஓர் ஆண்டு அடங்காது. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்து, குளிர்கால மேலங்கியை இங்கேயே கொடுத்துவிட்டுப் போவதென்று தீர்மானித்தேன். புத்தகங்களைத் தபாலில் அனுப்புகிறேன்.

திரும்பிச் செல்வது இத்திட்டத்தின் முடிவில் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றல்ல, அதன் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதை வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். ஏ.எஃப்.எஸ். (அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ்) என்ற அமைப்பு முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களைச் சுமந்து சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் தொண்டாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலும் அதே பணியைச் செய்தது. போர் முடிந்தபின், காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்வதோடு நின்றால் போதாது என்று கருதிய அந்த ஓட்டுநர்கள், பகை நாடுகளின் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று எண்ணி, 1947-ல் பள்ளி மாணவர்களுக்கான பரிமாற்றத்தைத் தொடங்கினார்கள். ஃபுல்பிரைட் திட்டமும் 1946-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, போரில் மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டே உருவாக்கப்பட்டது. போன மாணவர் அங்கேயே தங்கிவிட்டால் இந்த எண்ணம் பாதியில் நின்றுவிடும். கண்டதை அவர் தன் ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் நிதியில், பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் செல்பவர்கள், விலக்குப் பெற்றாலன்றி, இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் வாழ்ந்த பிறகே அங்கு குடியேறும் விசாவைப் பெற முடியும் என்ற விதியும் இந்தக் கருத்திலிருந்து வந்ததுதான். இதையெல்லாம் அறிந்த பின் என் வருத்தம் குறைந்துவிடவில்லை. ஆனால் யாரோ என்னை இங்கிருந்து பிடுங்கிச் செல்வதாகத் தோன்றிய எண்ணம் போய்விட்டது.

என்னை ஏற்றுக்கொண்ட ஹோஸ்ட் குடும்பத்தின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்கவும் இந்த மாதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கள் திட்டத்தில் அவர்களுக்குப் பணம் எதுவும் தரப்படுவதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை வீட்டுக்குள் அழைத்து, அவளுடைய காய்ச்சலுக்கும் தேர்வுக்கும் ஏக்கத்துக்கும் பொறுப்பேற்று, அவள் தங்களுக்கு வேண்டியவளாக ஆன வேளையில் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் என் பெற்றோரிடம் திரும்புகிறேன். எனக்கு எதிரில் ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. அவர்களுக்கு எஞ்சுவது காலியான ஓர் அறை. சமையலறைச் சுவரில் குடும்ப நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. ஆளுக்கொரு பத்தியாகப் பிரித்து, பல் மருத்துவரிடம் போவது முதல் கால்பந்துப் பயிற்சி வரை எல்லாவற்றையும் நீல மையில் எழுதி வைப்பார் வீட்டு அம்மா. நான்காவது பத்தி என்னுடையது. நான் புறப்படும் தேதியை மட்டும் அவர் பென்சிலால், மிகச் சிறியதாக எழுதியிருக்கிறார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கடைக்குட்டி மட்டும் நேரடியாகக் கேட்கிறான். "நீ போனதும் உன் அறைக்கு வேறு யாராவது வருவார்களா?" வருவார்கள், அடுத்த கல்வியாண்டுக்கு இன்னொரு மாணவியை ஏற்க அவர்கள் விண்ணப்பித்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என் இடத்தில், என் நாற்காலியில், என் பத்தியில் இன்னொருத்தி என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு விதமாகத் தோன்றியது: நான் வந்த ஆண்டு கசந்திருந்தால் இவர்கள் இன்னொருவரை அழைக்கத் துணிந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கான அழைப்பில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஊரிலுள்ள என் வீட்டிலிருந்து வரும் அழைப்புகளும் இப்போது மாறிவிட்டன. "உன் ரூமைத் தொடச்சு வச்சிட்டேன்டி, கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியாச்சு" என்று அம்மா சொல்லும்போது அவருடைய குரலில் இருக்கும் மகிழ்ச்சி என்னையும் தொற்றிக்கொள்கிறது. அவர் நாள் எண்ணுகிறார். இங்கே ஒருவர் எண்ணாமலிருக்க முயல்கிறார். இருவரிடமும் நான் பொய் சொல்லவில்லை. போக வேண்டும் என்ற ஆசையும் இருக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரே மாலைப்பொழுதில், ஒன்றையொன்று அழிக்காமல், முழு வலுவோடு வருகின்றன. எதை ஒதுக்குவது என்று தேடுவதை விட்டுவிட்டேன். ஊர் திரும்புகிறவர்களும் மீண்டும் ஒரு சரிவைக் கடக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும் 1963-ல் எழுதி, லிஸ்கார்டின் 'யு' கோட்டை 'டபிள்யூ' கோடாக நீட்டினார்கள். அது எனக்கும் நேரலாம். அப்படி நேர்ந்தால் நான் எரிச்சல்படுவதை வெளிநாட்டுத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் நான் இங்கிருந்த நினைவிலேயே பேசிக்கொண்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பேசேன், கேக்கத்தானே இருக்கோம்" என்றார் அப்பா.

வகுப்புத் தோழர்களோடு விடைபெறுவது ஒப்புநோக்க எளிதாக இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்கள் திரையில் பேசிக்கொண்டே நட்பைத் தொடரப் பழகியவர்கள். ஆயினும் எல்லோரிடமும் அடிக்கடி பேசுவேன் என்று வாக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. மதிய இடைவேளையில் என்னருகில் உட்கார்ந்து, நான் சொல்லி முடிக்கும்வரை என் வாக்கியத்தைத் தானாக நிறைவு செய்யாமல் காத்திருந்த ஒரே ஒருத்திக்கு மட்டும் மாதம் ஒரு கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். பேசக் கற்கிறவருக்கு அந்தக் காத்திருப்பைவிடப் பெரிய உதவி கிடையாது.

இந்த வாரம் இன்னொரு கடிதமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்து வரப்போகும் மாணவிக்கு, அவள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் படிக்கும்படி, இந்த வீட்டின் மொழியில், எளிய வாக்கியங்களில் எழுதுகிறேன். இரண்டாவது இழுப்பறையை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். முதல் மாதங்களில் மேசையில் பேச்சு நின்றுபோனால் அது உன்னை ஒதுக்குவதற்காக அல்ல, உனக்கு வழிவிடுவதற்காக என்று எழுதியிருக்கிறேன். பாத்திரம் கழுவ வேண்டாம் என்று சொன்னாலும் எழுந்து போய்த் துடைக்கும் துணியையாவது கையில் எடுத்துக்கொள், சமையலறையில் நின்றபடி பேசுவது மேசையில் பேசுவதைவிட எளிது என்று சேர்த்திருக்கிறேன். கடைக்குட்டி குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டைக்கு வந்தால் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குச் சண்டை போடு என்றும் எழுதினேன். சான்றிதழ்களைக் கோடைக்கு முன் வாங்கிவிடு என்ற பத்தியை அடிக்கோடிட்டேன். வேதியியல் தேர்வு முடிந்ததும் இதைப் பிழை திருத்தித் தரும்படி வீட்டு அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன்பு, வாரயிறுதியில் என்ன செய்வது, எங்கே தனியாக நடந்து போவது என்ற ஒரு பக்கம் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.